சுத்தமான பெயர்

பெரியவள் வேலை பார்த்த இடத்தில் துப்பாக்கி என்று ஒன்று கண்ணில் பட்டதே கிடையாது. வரிசையாக மேஜைகள், மேஜைக்கொரு கணினி, காதில் மாட்டிக்கொள்ள ஒரு ஹெட்போன், வெயில் திரையில் அடிக்காதபடி எப்போதும் இறக்கி விட்ட ஜன்னல் மறைப்பு. அவ்வளவுதான். ஆனால் காலையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கும்வரை துப்பாக்கியைத் தவிர வேறு பேச்சில்லை. எந்த ஊரில் எந்தக் கடையில் ஒருவர் போய்த் துப்பாக்கி கேட்டாலும், கடைக்காரர் முதலில் இந்த அறைக்குத்தான் போன் போட வேண்டும். வந்திருப்பவரின் பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர், அடையாள அட்டை எண் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்.

இங்கே இருப்பவர்கள் அதைக் கணினியில் தட்டி மூன்று பட்டியல்களில் தேடுவார்கள். கோர்ட்டில் தண்டனை வாங்கியவர்களின் பட்டியல் ஒன்று. போலீஸ் தேடுகிறவர்களும், கட்டிய மனைவியை நெருங்கக் கூடாது என்று தடை வாங்கியவர்களும் இன்னொன்றில். நீதிபதியின் உத்தரவால் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்கள் மூன்றாவதில். தேடி முடித்ததும் கடைக்காரருக்குச் சொல்ல மூன்றே பதில்கள் உண்டு. "கொடுக்கலாம்." "பொறுங்கள்." "கூடாது." நாலாவதாக ஒரு பதில் கிடையாது.

மூன்றிலும் இல்லாத பெயர் வந்தால் திரையில் பச்சை எரியும். அறைக்குள் அதற்கு "சுத்தம்" என்று பேச்சு. பெரும்பாலும் சுத்தம்தான். பக்கத்து மேஜைக்காரர் முன்பு பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுத்தவர். அதனால் எல்லாருக்கும் வாத்தியார்.

"இந்த நாட்டுல இவ்வளவு நல்லவங்க இருக்காங்கன்னு இங்க வந்துதாம்மா எனக்குத் தெரிஞ்சுது" என்பார். "என் மாமியார் பேரைத் தட்டினாலும் சுத்தம்னுதான் வரும். அதை நினைச்சாத்தான் இந்த மெஷின்மேல நம்பிக்கை போயிடுது."

பெரியவள் என்பது வீட்டில் ஒட்டிக்கொண்ட பெயர். அவள் பெரியவள், தம்பி சின்னவன். நடுவில் யாரும் இல்லை. அறையில் அவள் வெறும் பதினேழு. கடைக்காரர்களிடம் பெயர் சொல்லக் கூடாது, எண்ணைத்தான் சொல்ல வேண்டும். தினமும் ஹெட்போனை மாட்டுவதற்கு முன் கண்ணை மூடி ஒரு வாக்கியம் சொல்லிக்கொள்வாள்: கடவுளே, இன்றைக்கு என் வாயிலிருந்து போகிற சொல்லால் யாருக்கும் கெடுதல் வராமல் இருக்கட்டும். அதற்குமேல் அவள் எதுவும் கேட்டதில்லை.

அன்று மதியச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கப் போகும் சமயத்தில் ஒரு அழைப்பு வந்தது. மீசைக்காரர். அந்தப் பெயர் அவளாக வைத்தது. பல வருஷமாகக் குரல் பழக்கமே தவிர ஆளைப் பார்த்ததில்லை. குரலைக் கேட்டால் பெரிய மீசை இருக்கும் என்று தோன்றும்.

"பதினேழாம் நம்பர் அக்காவா? அப்பாடா. போன தடவை எடுத்த ஆளு என்னையே குற்றவாளி மாதிரி கேள்வி கேட்டான்."

"அவருக்கு ஆள் தெரிஞ்சிருக்கு. விஷயத்துக்கு வாங்க."

"கைத்துப்பாக்கி ஒண்ணு. எழுதிக்குங்க" என்று பெயரைச் சொன்னார்.

பெரியவளின் விரல்கள் பாதிப் பெயரைத் தட்டிவிட்டு நின்றன. தம்பியின் பெயர். ஒரே பெயரில் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள் என்று மனசைத் தட்டிக்கொடுத்துவிட்டு மீதியைத் தட்டினாள். அவர் பிறந்த தேதியைச் சொன்னார். அந்தத் தேதியில்தான் பள்ளிக்கூடத்திலிருந்து அவளைப் பாதியில் கூட்டிக்கொண்டு போய், துணியில் சுற்றிய ஒரு சிவந்த முகத்தைக் காட்டி, இனிமேல் நீ பெரியவள் என்றார்கள்.

"பிறந்த ஊரைக் கோழி கிறுக்கின மாதிரி எழுதியிருக்காரு. இருங்க." மீசைக்காரர் வாயை அந்தப் பக்கம் திருப்பினார். "சார், பிறந்த ஊர் எது சார்?"

தள்ளி நின்று ஒரு குரல் ஒரே ஒரு வார்த்தையைச் சொன்னது. சொல்லிவிட்டுத் தொண்டையைச் செருமியது. அந்தச் செருமலை அவள் எந்தக் கூட்டத்திலும் கண்டுபிடித்துவிடுவாள்.

பச்சை எரிந்தது. சுத்தம்.

சுத்தமாகத்தான் இருக்கும். அதைச் சுத்தமாக வைத்தவளே அவள்தான்.

சின்னவன் லிஃப்ட் மெக்கானிக். வாயைத் திறந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். ஆனால் நடுநடுவே மாதக்கணக்கில் அவனுக்குள் எதுவோ அணைந்துவிடும். காரணம் என்று ஒன்றும் இருந்ததில்லை. கேட்டால், "நடு மாடியில நின்னுடுமே லிஃப்ட்டு, அது மாதிரிக்கா. உள்ள லைட் எரியும், ஃபேன் சுத்தும். கதவு மட்டும் திறக்காது" என்பான். சில வருஷங்களுக்கு முன் வேலை செய்துகொண்டிருந்த கட்டடத்தின் மொட்டை மாடி விளிம்பில் போய் நின்றுவிட்டான். கூட இருந்தவர்கள் இழுத்துப் பிடித்து மருத்துவமனையில் சேர்த்தார்கள். டாக்டர் நீதிபதிக்கு எழுதப் பேனாவை எடுத்தபோது பெரியவள் குறுக்கே விழுந்தாள்.

வேறு எந்த அக்காவுக்கும் அது தோன்றியிருக்காது. இந்த அறையில் உட்கார்ந்தவளுக்குத்தான் தெரியும்: நீதிபதி உத்தரவு போட்டால் பெயர் மூன்றாவது பட்டியலுக்குப் போகும், ஆயுசுக்கும் அழியாது, லிஃப்ட் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது அதையும் பார்ப்பார்கள். நோயாளியே கையெழுத்துப் போட்டுச் சேர்ந்தால் எங்கும் போகாது. வார்டில் எழுத்து வேலை பார்த்த ஒரு அம்மாள், சின்ன வயசாச்சே என்று இரக்கப்பட்டு, வேறு தாளைக் கொண்டுவந்து கொடுத்தாள். மருந்து மயக்கத்தில் அவன் விரலில் பேனா நிற்கவில்லை. பெரியவள் அவன் கையைப் பிடித்து எழுத வைத்தாள். மேலே அந்த அம்மாள் எழுதினாள்: தானாக வந்து சேர்ந்தார். அன்று வீட்டுக்கு வந்து பெரியவள் கடவுளுக்கு நன்றி சொன்னாள். தம்பியின் பெயர் கெடவில்லை.

"அக்கா? லைன்ல இருக்கீங்களா?"

"பொறுங்கள்" என்றாள் பெரியவள்.

"ஏன், ஏதாவது இடிக்குதா?"

"பொறுங்கள்னா பொறுங்கள்."

"சரி சரி, கோவிச்சுக்காதீங்க." அவர் அந்தப் பக்கம் திரும்பிச் சொல்வது கேட்டது. "சார், பதினேழாம் நம்பர்ல பொறுக்கச் சொல்றாங்க. பயப்படாதீங்க, பேர் ஒண்ணா இருந்தா இப்படித்தான் இழுப்பாங்க. மூணு வேலை நாள். அதுக்குள்ள ஒரு பதிலும் வரலைன்னா நான் கொடுக்கலாம்னு சட்டம் இருக்கு."

கடைக் கதவில் கட்டிய மணி ஆடும் சத்தம் மட்டும் கேட்டது.

மேற்பார்வை அதிகாரியின் கண்ணாடி அறையில் போய் நின்று எல்லாவற்றையும் கொட்டினாள். அதிகாரி அம்மாள் கண்டிப்பானவள், கெட்டவள் இல்லை.

"சொந்தக்காரங்க பேர் வந்தா உடனே எனக்கு மாத்தணும்னு தெரியாதா?"

"தெரியும் மேடம். மாத்தியிருந்தா நீங்க கொடுக்கலாம்னு சொல்லியிருப்பீங்க."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தாள். "சொல்லித்தான் இருப்பேன்" என்றாள்.

"அவன் சாகத்தான் வாங்கறான் மேடம்."

"எப்படித் தெரியும்?"

"என் தம்பி மேடம்."

"எனக்கு அது போதும்மா. ஆனா அதை எந்தக் கட்டத்துல எழுதறது? நீங்களே சொல்லுங்க." கணினியைப் பெரியவள் பக்கம் திருப்பினாள். உண்மையாகவே அப்படி ஒரு கட்டம் அதில் இல்லை.

இரண்டு வழி இருக்கிறது என்றாள் அதிகாரி. எனக்குத் துப்பாக்கி விற்காதீர்கள் என்று ஒருவர் தானே எழுதிக் கொடுத்தால் அந்த நிமிஷமே பெயர் ஏறிவிடும். மனசு மாறினால் பிறகு எடுத்துக்கொள்ளலாம். யாருக்கும் தெரியவும் தெரியாது. இல்லாவிட்டால் நீதிபதியிடம் மனு. போலீஸ் வந்து ஆளை மருத்துவமனைக்குக் கொண்டு போகும். அந்த உத்தரவு அவன் போகிற இடமெல்லாம் கூட வரும்.

"உங்களைப் பத்தி நான் ரிப்போர்ட் எழுதியாகணும். என்னமோ தெரியலை, இன்னிக்குக் கை வலிக்குது" என்று சொல்லிக்கொண்டே, எழுதிக் கொடுக்க வேண்டிய அந்தத் தாளை அச்செடுத்து நீட்டினாள். "போங்க. மதியத்துக்கு மேல உங்களுக்கு நான் லீவு போட்டுடறேன்."

சின்னவன் குடியிருந்தது ஒரு பழைய கட்டடத்தின் மேல் மாடியில், ஒற்றை அறையில். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. மூச்சு வாங்க ஏறிப் போய்க் கதவைத் தள்ளினாள். அழுக்குத் துணிக் குவியலைக் காணோம். பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்திருந்தான். ஜன்னல் கண்ணாடிகூடப் பளிச்சென்று இருந்தது. அவனுக்கு இப்படி ஒழுங்கு வந்தால் பயப்பட வேண்டும் என்று கூடப் பிறந்தவளுக்குத்தான் தெரியும்.

"கருவிப் பை எங்கடா?"

"வா, உக்காரு. முதல்ல தண்ணி குடி. இத்தனை மாடி ஏறி வந்தும் அதிகாரம் குறையுதா பாரு."

"பை எங்க?"

"கூட வேலை பாக்கறவருக்குக் கொடுத்துட்டேன். அவர் ஸ்பானரெல்லாம் தேஞ்சு போச்சு, பாவம்."

"நீ எதை வெச்சு வேலை பார்ப்ப?"

அவன் தண்ணீர் மொண்டு வந்தான். டம்ளரை அவள் முன்னால் வைத்தான். பிறகு மெல்லச் சிரித்தான்.

"ஏன்க்கா, அந்த அறையில அத்தனை பேர் இருக்கீங்கன்னு சொன்னியே. என் போனை மட்டும் நீயா பார்த்து எடுக்கணும்? கடைக்காரர் பதினேழுன்னு சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. எனக்கு ஒரு துப்பாக்கி வாங்கக்கூடத் துப்பில்லை பாரேன்."

"எதுக்குடா உனக்கு அது?"

"போற வர்ற இடம் சரியில்லை. பாதுகாப்புக்கு."

"என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு."

அவன் ஜன்னலைப் பார்த்தான். அவள் தாளை எடுத்து மேஜையில் விரித்து வைத்தாள். அவன் குனிந்து, அவசரமில்லாமல், கடைசி வரி வரைக்கும் படித்தான்.

"நானே என் கையால எழுதணுமா?"

"ஆமாண்டா. உனக்குத் தோணும்போது எடுத்துக்கலாம். ஒருத்தருக்கும் தெரியாது."

"போன தடவையும் நானாத்தானே போட்டேன். தானாக வந்து சேர்ந்தார்." அவன் குரலில் கிண்டல்கூட இல்லை. "பேனாவும் நீ பிடிச்ச, கையும் நீ பிடிச்ச. பேர் மட்டும் என்னோடது."

"உன் நல்லதுக்குத்தான்டா செஞ்சேன்."

"தெரியும்க்கா. உன்மேல எனக்குக் கோபமே கிடையாது. அதான் கஷ்டம். கோபமாவது இருந்தா அதைப் பிடிச்சுக்கிட்டு இருந்திருப்பேன்."

அவள் கெஞ்சினாள். திட்டினாள். வீட்டுக்கு வா என்றாள். பிடி கொடுக்காமல், நாளைக்கு வருகிறேன் என்றான். சமைத்துப் போட்டாள், மறுக்காமல் சாப்பிட்டான், சாப்பிட்ட தட்டையும் கழுவி வைத்தான். அவனைத் தனியாக விட மனசில்லாமல் அங்கேயே தங்கினாள். தூங்கக் கூடாது என்றுதான் நினைத்திருந்தாள். விடிந்து கண் விழித்தபோது அவள்மேல் அவன் போர்வையையும் சேர்த்துப் போர்த்தியிருந்தது. ஆள் இல்லை. அவன் போனை அணைத்து வைத்திருந்தான். தாள் மேஜையில் அப்படியே கிடந்தது.

மீசைக்காரரின் கடை முகவரி அவளுக்கு மனப்பாடம். அழைப்பு வரும்போதெல்லாம் திரையில் பார்த்த வரிதான். உள்ளே போனால் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால், சங்கிலி கோத்துப் பூட்டிய துப்பாக்கிகளுக்கு முன்னால், ஒல்லியாக ஒரு வழுக்கைத் தலைக்காரர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மீசையே இல்லை.

"என்ன வேணும்மா?"

"பதினேழு" என்றாள் அவள்.

அவர் கையிலிருந்த துணி நின்றது. "அக்கா! நீங்களா? இவ்வளவு சின்னதா இருக்கீங்க? என்னைத் திட்டற திட்டுக்கு ஆள் வாட்டசாட்டமா இருப்பீங்கன்னுல்ல நினைச்சேன்."

அவள் முகத்தைச் சரியாகப் பார்த்ததும் அவர் பேச்சு அடங்கியது.

"நேத்து நான் பொறுங்கன்னு சொன்ன ஆள் வந்தாரா?"

"கடை திறக்கும்போதே வந்து நின்னாரு. வேணாம், ரத்து பண்ணிடுங்கன்னாரு. நல்ல மனுஷன்க்கா. ஷட்டர் பாதியில சிக்கிக்கிட்டு நின்னுது, ஒரு தட்டுத் தட்டிச் சரி பண்ணிக் கொடுத்துட்டுப் போனாரு."

"அவன் என் தம்பி. அது அவன் கைக்குப் போகக் கூடாது." கடைக்காரரிடம் சொல்லவே கூடாத பேச்சு. வேலை போகும் என்று தெரிந்தே சொன்னாள்.

அவர் துணியை மடித்து வைத்தார். "என்கிட்ட வாங்க முடியாது. உங்க அறையில பச்சைக்கொடி காட்டினாலும் நான் கொடுக்க மாட்டேன். விக்கக் கூடாதுன்னுதான் சட்டம் சொல்லும், வித்தே தீரணும்னு சொல்லாது. ஆனா அக்கா, இந்தச் சாலையிலயே இன்னும் கடைங்க இருக்கு. ரத்து பண்ணிட்டாரு, உங்க 'பொறுங்க'வும் அதோட போச்சு. வேற கடையிலேர்ந்து போன் வந்தா அங்க புதுசாத் தட்டுவாங்க."

அவளுக்கு அது தெரியும். கடை வாசலிலேயே நின்று அதிகாரிக்குப் போன் போட்டாள். அந்த அம்மாள் எடுத்ததும் சொன்னது இதுதான்:

"இப்பத்தான்மா வந்துது. வாத்தியார் எடுத்தார். சுத்தம்னு சொல்லிட்டார்." மூச்சு விடும் சத்தம் கேட்டது. "எந்தக் கடைன்னு நான் சொல்லக் கூடாது." கொஞ்சம் நிறுத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி, கடையின் பெயரைச் சொன்னாள்.

"அடுத்த சிக்னல் பக்கத்துல" என்றார் மீசைக்காரர். அதற்குள் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தார். "நான் போய் நிறுத்தி வைக்கறேன். அவன் எனக்குப் போட்டிக்காரன்தான், ஆனா மனுஷன். நீங்க கோர்ட்டுக்கு ஓடுங்க. எவ்வளவு நேரம் நிறுத்துவேன்னு மட்டும் கேக்காதீங்க."

கோர்ட்டில் அவசர மனுக்களைப் பார்ப்பது ஒரு சின்ன அறை. நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார்.

"உங்க தம்பி உயிருக்கு அவராலேயே ஆபத்துன்னு சத்தியமா சொல்றீங்களா?"

"சொல்றேன்."

"முன்னால இதே மாதிரி இருந்திருக்கார்னு எழுதியிருக்கீங்க. அப்ப ஏன் உத்தரவு வாங்கலை?"

"நான்தான் தடுத்தேன்."

நீதிபதி அதைக் குறித்துக்கொள்ளவில்லை. அதை அவள் கவனித்தாள்.

"இது பதிவாகும்மா. பின்னால நீங்களே வந்து கேட்டாலும் எடுக்க முடியாது. புரியுதா?"

"புரியுதுங்க. அதைப் பார்க்கறதுதான் என் வேலை."

கையெழுத்துப் போட்டாள். இந்தத் தடவை அவள் கை மட்டும்தான்.

அந்தக் கடையில் நடந்ததைப் பிறகு மீசைக்காரர் சொல்லித்தான் அறிந்தாள். அவர் மேல் மூச்சு கீழ் மூச்சு வாங்க உள்ளே நுழைந்தபோது துப்பாக்கியை அட்டைப்பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஜாடை காட்டினார். அந்தக் கடைக்காரர் ஒன்றும் கேட்காமல், இதில் ஸ்பிரிங் சரியில்லை சார், உள்ளேயிருந்து வேறு எடுத்து வருகிறேன் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார். மீசைக்காரர் டீ வாங்கி வந்து சின்னவன் பக்கத்தில் உட்கார்ந்து, காலையில் சரி செய்த ஷட்டரைப் பற்றிக் கேட்டார். ஷட்டரில் தொடங்கிய பேச்சு லிஃப்டுக்குப் போனது. கம்பி அறுந்தாலும் லிஃப்ட் ஏன் கீழே விழாது, எந்த இடத்தில் எந்தப் பல் வந்து கடித்துப் பிடித்துக்கொள்ளும் என்று அவன் டீ டம்ளரை வைத்தே காட்டினான். சிரித்தானாம். போலீஸ் வந்தபோது எழுந்து இரண்டு கையையும் நீட்டினான். வந்தவர்களில் வயசானவர், "அதெல்லாம் எதுக்குங்க, சும்மா வாங்க" என்று விலங்கை வெளியே எடுக்கவே இல்லை.

"யார் மனு கொடுத்தது?" என்று கேட்டிருக்கிறான்.

அவர் காகிதத்தைப் பார்த்தார். "உடன்பிறந்த அக்கான்னு போட்டிருக்கு."

நீட்டிய கைகளை இறக்கிக்கொண்டு அவன் அவர்களுக்கு முன்னால் நடந்தான்.

"நம்பிப் பேசிக்கிட்டிருந்தவரை டீ வாங்கிக் கொடுத்து ஏமாத்திட்டேன்க்கா" என்று போனில் மீசைக்காரர் அழுதார். "எனக்குச் சோறு இறங்கலை."

"நீங்க அவனைச் சிரிக்க வெச்சீங்க. நான் சிரிக்க வெச்சு எத்தனையோ நாளாச்சு" என்றாள் பெரியவள். அவருக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருந்தது நல்லதாகப் போயிற்று. அந்த நேரம் மட்டும் அவளுக்கு ஒரு வேலை இருந்தது.

அதிகாரியின் கைவலி ஒருநாள் சரியானது, ரிப்போர்ட் போனது. பெரியவளைப் போனிலிருந்து எடுத்துப் பின் அறையில், கோர்ட்டிலிருந்து வரும் காகிதங்களைப் பிரிக்கும் வேலையில் உட்கார வைத்தார்கள். வேலையை விட்டே நீக்காமல் இருக்க அதிகாரி யார் யாரிடம் போய் நின்றாள் என்பது அவளுக்குத் தெரியாது. லிஃப்ட் கம்பெனி சின்னவனுக்கு இனி வர வேண்டாம் என்று எழுதிவிட்டது. மூன்றாவது பட்டியலில் அவன் பெயர் ஏறிவிட்டதாக வாத்தியார் வந்து சொன்னார். சொல்லிவிட்டுப் போகாமல் நின்றார்.

"நான்தாம்மா அன்னிக்கு எடுத்தேன். பச்சை எரிஞ்சுது, சுத்தம்னு சொன்னேன். எனக்கு என்ன தெரியும்?"

"உங்களுக்கு எப்படித் தெரியும் சார்? தெரியக் கூடாதுன்னு நான்தானே பண்ணி வெச்சேன்."

அந்தப் பட்டியலும் எதுவரைக்கும் காக்கும் என்று அவளுக்குத் தெரியும். கடைகளில் இனிக் கிடைக்காது. வீட்டில் சும்மா கிடப்பதை ஒருவர் இன்னொருவருக்குக் கை மாற்றிக் கொடுத்தால் அந்த அறைக்கு யாரும் போன் போடப் போவதில்லை. உயரமான கட்டடங்களுக்கு எந்தப் பட்டியலும் கிடையாது. எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு தினமும் வேலை முடிந்ததும் மருத்துவமனைக்குப் போனாள். பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்தாள். முன்பு காலையில் சொல்லிக்கொண்ட வாக்கியத்தை இப்போது அங்கே உட்கார்ந்து சொல்லப் பார்த்தாள். பாதிக்குமேல் வரவில்லை. மீதியைக் கடவுளே ஊகித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

அன்றும் வார்டு ஊழியர், தோள் அகன்ற, மெதுவாக நடக்கும் மனிதர், கதவைத் திறந்து வெளியே வந்தார்.

"இன்னிக்கும் வேணாம்னு சொல்லிட்டாரும்மா."

"சரிங்க." பையை நீட்டினாள். "துவைச்ச சட்டை. இதை மட்டும் கொடுத்துடுங்க."

"நேத்து கொடுத்ததையே பிரிக்கலை. கட்டிலுக்கு அடியில அப்படியே இருக்கு." என்றாலும் வாங்கிக்கொண்டார். நடையில் யாரும் இல்லை என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, குனிந்து, குரலைத் தாழ்த்தினார். "மத்தியானம் பாதிச் சாப்பாடு சாப்பிட்டார். தூக்கம்தான் இல்லை. ஜன்னல்கிட்டயே நிக்கறார். ஜன்னலுக்குக் கம்பி இருக்கு, பயப்படாதீங்க. இவ்வளவுதாம்மா. இதையே நான் சொல்லக் கூடாது."

"இது போதுங்க. நாளைக்கும் வரேன்."

"வாங்க." அவர் போகத் திரும்பினார். பிறகு நின்றார். "நீங்க தினமும் வர்றதை அவர்கிட்ட சொல்லட்டுமா?"

பெரியவள் யோசித்தாள். அது அவனுக்கு இதமாக இருக்குமா, இன்னும் ஒரு பூட்டாக இருக்குமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"கேட்டா சொல்லுங்க."

"கேக்கலைன்னா?"

அவள் திரும்பப் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அவர், "சரி, நானா பார்த்துக்கறேன்" என்று பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி உள்ளே போனார். உள்ளேயிருந்து பூட்டு விழும் சத்தம் கேட்டது. பார்வை நேரம் முடிய இன்னும் கொஞ்சம் இருந்தது. பெரியவள் உட்கார்ந்திருந்தாள்.